மூன்றாவது எழுத்தில் விழுந்த கணிப்பொறி

நீங்கள் ஓர் ஊரில் இருக்கிறீர்கள். நீங்கள் இயக்க வேண்டிய கணிப்பொறியோ வேறோர் ஊரில் இருக்கிறது. இருந்த இடத்திலிருந்தே கம்பி வழியாக அதனுள் நுழைந்து அதற்கு வேலை இடுகிறீர்கள். திடீரென்று மறுமுனையிலிருந்து பதில் வருவது நின்றுவிடுகிறது. எழுத்துகளைத் தட்டுகிறீர்கள்; திரையில் ஒன்றும் தோன்றவில்லை. சற்று நேரத்தில் அங்கிருப்பவர் தொலைபேசியில் கூப்பிடுகிறார். "இங்கே கணிப்பொறியே நின்றுபோய்விட்டது! நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கிறார்.

நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. முறைப்படி உள்ளே நுழைந்தீர்கள்; அவ்வளவுதான். அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது? அதை எப்படித் தேடுவது?

இன்று பலருக்கும் நேரும் இந்தச் சங்கடம் புதியதன்று. இன்றைய இணையத்துக்கு முன்னோடி ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு. அதன் வழியாக ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றினுள் முதன்முதலாக நுழைய முயன்ற இரவிலேயே இது நேர்ந்துவிட்டது. அன்று குற்றம் சுமார் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. அவ்வளவு விரைவாக அது எப்படி முடிந்தது? அதைத் தெரிந்துகொண்டால், உங்கள் கணிப்பொறி விழும்போது எங்கே தேடத் தொடங்குவது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஓர் அறையில் மூன்று டெர்மினல்கள்

1966ஆம் ஆண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஆர்ப்பா என்னும் ஆராய்ச்சி அமைப்பில் கணிப்பொறிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ராபர்ட் டெய்லர். அவருடைய அலுவலகத்தில் மூன்று டெர்மினல்கள் இருந்தன. ஒன்று சாண்டா மோனிகாவில் உள்ள கணிப்பொறியோடும், மற்றொன்று பெர்க்கிலியில் உள்ளதோடும், மூன்றாவது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ளதோடும் இணைக்கப்பட்டிருந்தன.

ஒரு கணிப்பொறியை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் டெய்லர் எழுந்து சென்று வேறொரு டெர்மினலின் முன் அமர வேண்டும். ஒவ்வொன்றிலும் நுழையும் முறையும் வேறு, ஆணைகளும் வேறு. "ஒரே டெர்மினலிலிருந்து எல்லாக் கணிப்பொறிகளுக்கும் போக முடிந்தால் என்ன?" என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. ஆர்ப்பாநெட் பிறக்க இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் அன்றைய கணிப்பொறிகள் ஒன்றின் மொழியை மற்றொன்று அறியாதவை. ஆகவே ஒவ்வொரு பெரிய கணிப்பொறிக்கும் பக்கத்தில் ஒரு சிறிய கணிப்பொறியைத் துபாஷியைப் போல நிறுத்தி வைத்தார்கள். அதற்கு இம்ப் என்று பெயர். பெரிய குளிர்சாதனப் பெட்டி அளவுள்ள இந்த இம்ப், பெரிய பொறி தரும் செய்தியைச் சிறு பொட்டலங்களாக்கித் தொலைபேசிக் கம்பியில் அனுப்பும். வரும் பொட்டலங்களைச் சேர்த்துப் பெரிய பொறியிடம் ஒப்படைக்கும். ஹனிவெல் 516 என்ற கணிப்பொறியை அடிப்படையாகக் கொண்டு பி.பி.என். என்ற நிறுவனம் இவற்றைச் செய்து கொடுத்தது.

1969 ஆகஸ்டு இறுதியில் முதல் இம்ப், லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே இப்பணிக்குப் பொறுப்பேற்றிருந்தவர் பேராசிரியர் லெனார்டு கிளைன்ராக். அக்டோபர் தொடக்கத்தில் இரண்டாவது இம்ப், மென்லோ பார்க்கில் உள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயிற்று. இரண்டு இடங்களுக்கும் இடையே சுமார் 500 கிலோமீட்டர் தூரம்.

அந்த இரவு

1969 அக்டோபர் 29. லாஸ் ஏஞ்சல்ஸில் சிக்மா 7 என்ற கணிப்பொறியின் டெர்மினல் முன் சார்லி கிளைன் என்ற மாணவர் அமர்ந்திருந்தார். மென்லோ பார்க்கில் எஸ்.டி.எஸ். 940 என்ற கணிப்பொறியைக் கவனித்துக்கொண்டிருந்தவர் பில் டுவால். இருவரும் பேச்சுத் தொடர்பும் வைத்திருந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்குப் பயன்படும்.

940 என்பது நேரப்பங்கீட்டு முறையில் இயங்கும் கணிப்பொறி. அதாவது, ஒரே நேரத்தில் பலர் தத்தம் டெர்மினலிலிருந்து அதைப் பயன்படுத்தலாம். யார் பயன்படுத்த வந்தாலும் முதலில் "லாகின்" என்னும் ஆணையைத் தட்ட வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்து எழுத்துகள்: எல், ஓ, ஜி, ஐ, என். தொலைவிலிருந்து வருபவரை 940 பொறி சாதாரண டெர்மினலில் அமர்ந்திருப்பவராகவே கருதும்படி டுவால் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். இத்தகைய கணிப்பொறிகளில், நீங்கள் ஓர் எழுத்தைத் தட்டியதும் அது உங்கள் டெர்மினலில் நேரே பதிவதில்லை. எழுத்து முதலில் கணிப்பொறிக்குப் போகிறது. கணிப்பொறி அதைப் பெற்றுக்கொண்டு எதிரொலி போலத் திருப்பி அனுப்புகிறது. அந்த எதிரொலிதான் உங்கள் டெர்மினலில் பதிகிறது. ஆகவே எழுத்து பதிந்தால், "போனதும் சரி, வந்ததும் சரி" என்று பொருள்.

கிளைன் "எல்" தட்டினார். வந்ததா என்று கேட்டார். வந்தது என்றார் டுவால். "ஓ" தட்டினார். அதுவும் வந்தது. மூன்றாவதாக "ஜி" தட்டினார். மென்லோ பார்க் கணிப்பொறி செயலிழந்து நின்றுவிட்டது!

இப்படியாக, ஆர்ப்பாநெட் சுமந்து சென்ற முதல் செய்தி "லோ" என்று இரண்டே எழுத்துகளோடு முடிந்தது. ஆங்கிலத்தில் "லோ" என்பது "இதோ பார்!" எனப் பொருள்படும் பழஞ்சொல். தற்செயலாகப் பொருத்தமான செய்திதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சுமார் ஒரு மணி நேரத்துக்குப் பின் மீண்டும் முயன்றார்கள். இம்முறை ஐந்து எழுத்துகளும் போய்ச் சேர்ந்தன. கிளைன் மென்லோ பார்க் கணிப்பொறியினுள் நுழைந்துவிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் அன்றைய தேதியோடு இரவு 22.30 என்று நேரமிட்டு, இரு கணிப்பொறிகளும் பேசிக்கொண்ட செய்தியை ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

குற்றவாளி "ஜி" அன்று

"ஜி" தட்டியதும் கணிப்பொறி விழுந்தது. எனவே "ஜி" என்ற எழுத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கத் தோன்றுகிறது அல்லவா? சற்று நின்று யோசியுங்கள். கணிப்பொறிக்கு எழுத்தும் ஓர் எண்தான். ஆஸ்கி என்னும் முறையில் "எல்" 76, "ஓ" 79, "ஜி" 71. எழுபத்தாறையும் எழுபத்தொன்பதையும் தடையின்றி ஏற்றுக்கொண்ட பொறி, எழுபத்தொன்றில் மட்டும் ஏன் இடற வேண்டும்? எழுத்தைக் குறை சொல்ல இடமில்லை. அப்படியானால், "ஜி" வந்தபோது வேறென்ன நிகழ்ந்தது? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

வெளியிலிருந்து வரும் எழுத்துகளும் வெளியே போக வேண்டிய எழுத்துகளும் சிறிது நேரம் தங்கிச் செல்லக் கணிப்பொறியின் நினைவகத்தில் ஒரு சிறு இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். இதற்குப் பஃபர் என்று பெயர். அன்றைய டெலிடைப் டெர்மினல்கள் நொடிக்கு 10 எழுத்துகள் வேகத்தில் இயங்கின. அந்த நிதானமான நடைக்கு ஏற்றாற்போல் 940இன் பஃபரும் சிறிதாக அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் ஆர்ப்பாநெட்டின் கம்பியோ நொடிக்கு 50,000 பிட்டுகளைச் சுமக்க வல்லது. எழுத்துக் கணக்கில் இது சுமார் 5,000; அதாவது டெலிடைப்பைப் போல ஐந்நூறு மடங்கு!

விழுந்ததன் காரணத்தைக் கிளைனும் டுவாலும் பின்னாளில் சற்று வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். கிளைன் சொல்வது: மூன்று எழுத்துகள் வந்ததுமே 940 பொறி ஆணையைப் புரிந்துகொண்டு, மீதி எழுத்துகளையும் தானே நிரப்பி "ஜி, ஐ, என்" என்று மூன்றையும் ஒன்றாகத் திருப்பி அனுப்ப முற்பட்டது, ஒரு நேரத்தில் ஓர் எழுத்தையே கையாளும்படி எழுதப்பட்ட புரோகிராம் அதைத் தாங்கவில்லை. டுவால் சொல்வது: வலையமைப்பின் வேகத்தில் வந்த எழுத்துகள் பஃபரை நிரப்பி வழியச் செய்துவிட்டன. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. எதிர்பார்த்ததைவிட அதிக எழுத்துகள் ஒரே சமயத்தில் வந்தன. அவற்றுக்கு இடம் போதவில்லை. டுவால் பஃபரின் அளவைப் பெரிதாக்கினார். கணிப்பொறி எழுந்து நின்றது.

புனலும் அரிசி மூட்டையும்

இடம் போதாவிட்டால் மிச்சத்தை ஏற்காமல் விட்டுவிடலாமே, கணிப்பொறி ஏன் விழ வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

புனல் வைத்துப் புட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம். மெதுவாக ஊற்றினால் எல்லாம் உள்ளே போகும். வாளியைச் சாய்த்துக் கவிழ்த்தால்? புனல் நிரம்பி வழியும். வழிந்த எண்ணெய் காணாமல் போய்விடுவதில்லை. பக்கத்தில் இருக்கும் அரிசி மூட்டையை நனைக்கும். இரண்டு நாள் கழித்து, சோற்றில் மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கிறது என்று வீட்டில் சண்டை வரும். அரிசிக் கடைக்காரரைத் திட்டிப் பயன் உண்டா?

நினைவகத்திலும் அப்படித்தான். பஃபருக்கு அடுத்த அறைகளில் வேறு செய்திகள் இருக்கும். "இந்த வேலை முடிந்ததும் எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும்" என்ற குறிப்புகூட அங்கே இருக்கலாம். எல்லையைக் கவனியாத புரோகிராம், மிஞ்சிய எழுத்துகளை அந்த அறைகளின் மேலேயே எழுதிவிடும். பின்னர் கணிப்பொறி அந்தக் குறிப்பைப் படித்து, பொருளற்ற ஓர் இடத்துக்குத் தாவும், விழும். விழுந்த இடம் ஒன்று, வழிந்த இடம் வேறொன்று. பழுது தேடுபவரை மணிக்கணக்கில் அலைய வைப்பது இந்த வேறுபாடுதான்.

பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்

பஃபரைப் பெரிதாக்குவது அன்றிரவுக்குப் போதுமான மருந்து. ஆனால் நிலையான மருந்து அன்று. எவ்வளவு பெரிய பாத்திரம் வைத்தாலும், அதைவிடப் பெரிய வாளி ஒருநாள் வரும். பாத்திரத்தின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே ஊற்றுவதுதான் உண்மையான மருந்து.

இதை உலகம் 1988 நவம்பர் 2 அன்று கற்றுக்கொண்டது. அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய ஒரு புரோகிராம் இணையத்தில் புழுவைப் போலத் தானே ஊர்ந்து பரவியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் என்ற சேவை. "அந்தக் கணிப்பொறியை யார் பயன்படுத்துகிறார்?" என்ற கேள்விக்குத் தொலைவிலிருந்தே பதில் தரும் சாதுவான சேவை அது. கேள்வியை வாங்கி வைக்க 512 எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் வருபவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் ஏற்பாடு இல்லை. புழு 536 எழுத்துகளை அனுப்பியது. மிஞ்சிய 24 எழுத்துகள், "எங்கே திரும்ப வேண்டும்" என்ற குறிப்பின் மேல் விழுந்தன. இம்முறை அவை பொருளற்ற எழுத்துகளல்ல, திட்டமிட்டு அமைத்தவை. வாக்ஸ் வகைக் கணிப்பொறிகள், புழு சொன்ன இடத்துக்குத் தாவி, புழு கொடுத்த ஆணைகளையே நிறைவேற்றின. கடவுச்சொல் ஏதுமின்றிக் கதவு திறந்துவிட்டது!

ஆகவே, தொலைவிலிருந்து நுழையும்போது விழும் கணிப்பொறியை "மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவது ஆபத்து. இன்று தற்செயலாக வழிந்து விழுகிற இடத்தில், நாளை ஒருவன் வேண்டுமென்றே ஊற்றக் கூடும்.

அந்த நாளில் மற்றொரு பாடமும் கிடைத்தது. புழுவுக்கு அஞ்சிப் பல நிலையங்கள் வலையமைப்பிலிருந்து தம்மைத் துண்டித்துக்கொண்டன. ஆனால் புழுவை ஒழிக்கும் வழியும் அதே வலையமைப்பின் வழியாகத்தான் அனுப்பப்பட்டது. துண்டித்துக்கொண்டவர்களுக்கு அது போய்ச் சேரத் தாமதமாயிற்று. ஃபிங்கருக்குச் செய்த திருத்தமோ எளியது. எண்ணாமல் படிக்கும் ஆணையை எடுத்துவிட்டு, எண்ணிப் படிக்கும் ஆணையை வைத்தார்கள்.

உங்கள் முறை வரும்போது

இனி நம் கதைக்கு வருவோம். நீங்கள் தொலைவிலிருந்து நுழையும்போதெல்லாம் ஒரு கணிப்பொறி விழுகிறது. என்ன செய்யலாம்?

முதலில், விழுந்தது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். திரை உறைந்துபோவதற்குக் காரணங்கள் மூன்று. கம்பி அறுந்திருக்கலாம், உங்களை உள்ளே விட்ட புரோகிராம் மட்டும் நின்றிருக்கலாம், கணிப்பொறியே விழுந்திருக்கலாம். தொலைவிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று போலவே இருக்கும். அருகில் உள்ள ஒருவரைக் கேளுங்கள்: கணிப்பொறியின் கடிகாரம் ஓடுகிறதா? வேறொருவர் அதில் வேலை செய்ய முடிகிறதா? கிளைனுக்கு இதைச் சொல்ல டுவால் இருந்தார். உங்களுக்கும் ஒருவர் இருக்கட்டும்.

இரண்டாவது, மாற்று வழி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நுழைவு தொடர்பான அமைப்பை மாற்றும் முன், இன்னொரு தொடர்பை நுழைந்த நிலையிலேயே திறந்து வையுங்கள். புதிய முறையில் நுழைய முடிகிறது என்று சோதித்த பிறகே பழைய தொடர்பை மூடுங்கள். ஏறிய ஏணியை எட்டி உதைத்துவிட்டு, இறங்க வழியில்லை என்று தவிக்கக் கூடாது.

மூன்றாவது, எழுதி வையுங்கள். எத்தனை மணிக்கு விழுந்தது? கடைசியாகச் சரியாக நடந்த செயல் எது? அதன்பின் செய்தது என்ன? கணிப்பொறி மீண்டும் எழுந்ததும் அதன் பதிவேட்டில் அந்த நேரத்துக்கு முந்தைய வரிகளைப் பாருங்கள். ஆனால் கடைசி வரியில் உள்ளதே குற்றவாளி என்று முடிவு கட்ட வேண்டாம். நினைவகத்தில் இருந்த சில வரிகள் வட்டில் எழுதப்படும் முன்பே பொறி விழுந்திருக்கலாம். "ஜி"யை மறக்காதீர்கள்.

நான்காவது, வேறுபாட்டைத் தேடுங்கள். அதே கணிப்பொறியின் முன் நேரே அமர்ந்து அதே வேலையைச் செய்து பாருங்கள். அப்போது விழவில்லையா? அப்படியானால் தொலைவிலிருந்து வரும்போது மட்டும் மாறுபடுவது எது? வந்து சேரும் எழுத்துகளின் அளவா, வேகமா? திரையை வரைந்து அனுப்பும் புரோகிராமா? சரிவர மூடப்படாத பழைய தொடர்புகள் சேர்ந்து நினைவகத்தை நிரப்பிவிட்டனவா? 940 பொறியும் தன் டெலிடைப்புகளோடு ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. மாறியது வந்த வழிதான்.

ஐந்தாவது, ஆழத்தில் பாருங்கள். இன்றைய கணிப்பொறிகளில் ஒரு புரோகிராம் மற்றொன்றின் நினைவறையில் கைவைக்காதபடி சுவர்கள் உண்டு. சாதாரணப் புரோகிராம் வழிந்தால் அது மட்டுமே சாகும். கணிப்பொறி முழுவதும் விழுகிறது என்றால், சுவர்களைத் தாண்டும் உரிமை பெற்றவற்றைச் சந்தேகியுங்கள். இயங்குதளத்தின் கரு, வலையட்டையையும் திரையட்டையையும் இயக்கும் டிரைவர்கள் ஆகியவை அத்தகையவை. அவற்றிலும் இல்லையென்றால் நினைவகச் சில்லு, சூடு, மின்சாரம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

ஆறாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றிக் கணிப்பொறி சரியாகிவிட்டால், எது நோய் தீர்த்தது என்று தெரியாது. நோய் திரும்பி வந்தால் மருந்தும் தெரியாது. திருத்திய பின், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து தொடங்குங்கள். முன்பு விழச் செய்த அளவைவிடச் சற்று அதிகமாகவே கொடுத்துச் சோதியுங்கள். விளிம்பைப் பார்த்து ஊற்றுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

இந்த ஆறில் பெரும்பாலானவற்றை 1969இல் அந்த இரண்டு இளைஞர்களும் செய்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? மறுமுனையில் ஆள் இருந்தார். பேச வேறு வழி இருந்தது. ஒரே மூச்சில் ஐந்து எழுத்துகளையும் தட்டாமல், ஒவ்வொன்றாகத் தட்டி, வந்ததா என்று கேட்டுக்கேட்டுச் சென்றார்கள். அதனால்தான் விழுந்த இடம் துல்லியமாகத் தெரிந்தது. ஐந்தையும் வேகமாகத் தட்டியிருந்தால், "ஏதோ அனுப்பினோம், எதனாலோ விழுந்தது" என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திராது.

அந்த ஆண்டு முடிவதற்குள் சாண்டா பார்பராவும் யூட்டாவும் இணைந்தன. ஆர்ப்பாநெட்டில் நான்கு கணிப்பொறி நிலையங்கள் ஆயின. இன்று உலகெங்கும் ஒவ்வொரு நொடியும் எத்தனையோ பேர் தொலைவில் உள்ள கணிப்பொறிகளினுள் நுழைகிறார்கள். எப்போதாவது உங்கள் திரை உறைந்து நின்றால், ஆத்திரத்தில் எல்லாப் பொத்தான்களையும் அழுத்தாதீர்கள். தாளை எடுத்து, கடைசியாகச் சரியாக நடந்தது எது என்று எழுதுங்கள். பழுது நீக்கும் வேலை அந்த வரியில்தான் தொடங்குகிறது.